சங்கு குளிப்பவர் சொன்ன சைபர்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்டியவள் அத்தோடு நிற்காமல் மயக்கவியல் மேற்படிப்பு வரை போய்விட்டேன். பஸ்ஸில் என் அடையாள அட்டை திரும்பிக்கொண்டால் உடனே நேராக்கி விடுவேன். எதிர் சீட்டில் இருப்பவர்கள் படிக்க வேண்டாமா?

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது, கல்லீரல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் வலி. விலா எலும்புக்குக் கீழே நீளமாகக் கிழித்துத் தைத்திருப்பார்கள். அந்த இடம் மரத்துப்போக, முதுகுத் தசைக்கு அடியில் மருந்து செலுத்தலாம். முன்பக்கம் வயிற்றுத் தசைகளுக்கு நடுவிலும் செலுத்தலாம். எது மேல் என்பதுதான் கேள்வி. ஊசி போடுவது சீனியர். யாருக்கு எந்த ஊசி என்று தெரியாமல் நான் போய், "பத்துக்கு எத்தனை வலி?" என்று கேட்டு எழுத வேண்டும்.

தூத்துக்குடிக் கடற்கரை ஆண்கள் அத்தனை பேரும் சைபர் என்றார்கள். முதுகில் போட்டாலும் சைபர், வயிற்றில் போட்டாலும் சைபர். என் நோட்டு முழுக்க முட்டை.

இதில் எல்லோரையும் மிஞ்சியவர் தருவைகுளத்துக்காரர் ஒருவர். சங்கு குளிப்பவர். கல்லீரலில் இருந்த கட்டியை எடுத்து இரண்டாம் நாள், பலகை மாதிரி அசையாமல் கிடந்தார். நெஞ்சில் சளி கரகரத்தது. இருமித் துப்பாவிட்டால் காய்ச்சல் வந்து நுரையீரல் கெட்டுப்போகும்.

"இருமுங்க அண்ணாச்சி."

"இருமல் வரலியே டாக்டரம்மா."

"வலிக்கா?"

"சைபர்."

பக்கத்தில் இருந்த அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்லுதாவ. நேத்து போட்டுக்காரங்க பாக்க வந்தாவ. வலிக்குன்னு சொன்னா இவியள இனி கடலுக்குக் கூட்டிட்டுப் போவ மாட்டாவன்னு பயம்."

"ஏளா, சும்மா கெட."

"நீங்க வாயக் கேட்டா எப்படி டாக்டரம்மா? தண்ணிக்குள்ள இவிய வாயத் தொறப்பாவளா? இடுப்புக் கயித்தத்தான் இழுப்பாவ. லேசா இழுத்தா நல்லா இருக்கேன். வெட்டி இழுத்தா மேல தூக்கு."

நான் படித்த தடித்த புத்தகங்களில் இது இல்லை. பேண்டேஜ் துணியை எடுத்து ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன்.

"இப்ப இருமுங்க."

இருமினார். வாய் "சைபர்" என்றது. கை இழுத்த இழுப்பில் நான் கட்டில் கம்பியில் போய் விழுந்தேன். என் ஸ்டெதஸ்கோப் அவருடைய கஞ்சி டம்ளருக்குள் போனது.

"ஏலே, டாக்டரம்மாவத் தூக்குங்கலே, முங்குதாவ!" என்றார் அடுத்த கட்டில்காரர்.

எட்டு என்று எழுதினேன். கூடுதலாக வலி மருந்து ஏறியது. அரை மணி நேரம் கழித்து, தையல் மேல் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி இருமினார். சளி வந்தது. மனைவி கிண்ணத்தில் ஏந்தி, வலம்புரிச் சங்கு கிடைத்ததுபோல என்னிடம் காட்டினார்.

அப்போதுதான் அண்ணாச்சி, துணி இன்னும் அவிழ்க்காமல் இருந்த என் மணிக்கட்டைப் பார்த்தார். செக்கச் செவேலென்று தடித்திருந்தது.

"வலிக்கா டாக்டரம்மா? பத்துக்கு எத்தன?"

வார்டு முழுவதும் என்னைப் பார்த்தது. நான் அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டேன்.

"சைபர்."

அவர் மனைவி பேண்டேஜ் துணியின் மறுமுனையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எங்க, இழுங்க பாப்பம்."