கால்வாய்க்கு மேல் நான் போட்ட கோடு

இன்னும் இருபத்தைந்து வருஷம் கழித்து இந்த நகரத்தில் யார் எங்கிருந்து எங்கே எதில் ஏறிப் போவார்கள் என்று சொல்வது என் உத்தியோகம். இன்றைக்குச் சாயங்காலம் என் மகள் எப்போது வீடு திரும்புவாள் என்று மட்டும் கேட்காதீர்கள், அது என் துறை இல்லை. எங்கள் குடியிருப்பில் எனக்கு ஜோசியர் என்று பெயர். ஜோசியருக்காவது சொன்னது பொய்த்தால் வாடிக்கை போகும். எனக்கு மாதச் சம்பளம்.

வேலை இதுதான். நகரத்தைச் சின்னச் சின்ன மண்டலங்களாக வெட்டுவோம். ஒரு மண்டலத்தில் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் சரி, அத்தனை பேரும் அதன் நடுவில் ஒரே புள்ளியில் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் புள்ளியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் கோடு இழுப்போம். எந்தக் கோடு குட்டையோ அந்தப் பக்கம் கூட்டம் போகும். எங்கள் தொழிலில் எல்லோரும் இதை முகத்தில் சிரிப்பே இல்லாமல் செய்வோம்.

என்னோடு இருக்கும் அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு கால் இழுத்து நடப்பாள். தெருமுனைக்குக் காலையில் வரும் பஸ்தான் அவளுக்கு வழி. அது நின்றால் வேலையும் போய்விடும். என் அலுவலகமோ நேர் எதிர்த்திசையில்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், பையைக்கூட வைக்காமல் கேட்டாள்.

"நம்ம பஸ்ஸை நிறுத்தப் போறாங்களாமே? கண்டக்டர் சொல்றாரு."

"ஆமாக்கா. அதுக்கு ஆள் வராதுன்னு கணக்கு சொல்லுது. மண்டலத்து நடுப்புள்ளியிலேர்ந்து ரயில்தான் கிட்ட, எல்லாரும் அதுக்குப் போயிடுவாங்க. ஸ்டேஷன் அஞ்சு நிமிஷ நடைதானே."

"எவ்வளவு?"

"அஞ்சு நிமிஷம்."

அக்கா கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டினாள். "வா. நடந்து காட்டு."

நடந்தேன். கடைசித் தெரு முடிந்ததும் கால்வாய் வந்தது. எதிர்க்கரையில், கையை நீட்டினால் தொடலாம் போல ஸ்டேஷன். நடுவில் கறுப்புத் தண்ணீர். பாலம் கிடையாது. சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். கால்வாயை ஒரே தாண்டாகத் தாண்டிய அந்தக் கோட்டைப் போட்டது சாட்சாத் நான்தான். இந்தக் குடியிருப்புக்கு வந்து எத்தனையோ வருஷமாகிறது. வாசலில் ஸ்கூட்டரில் ஏறினால் அலுவலகத்தில் இறங்குகிற ஆள், கால்வாயை எங்கே கண்டேன்?

"கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்" என்றாள் அக்கா.

மறுநாள் தலைமைப் பொறியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் பதறவே இல்லை.

"அறிக்கை அச்சாயிடுச்சுய்யா. ஒரு கோட்டை அழிச்சா ஊர் முழுக்கத் திரும்பக் கணக்குப் போடணும். திட்டத்தோட பதினஞ்சாவது வருஷத்துல அங்க ஒரு நடைபாலம் வரும்னு சேர்த்துடு. கோடு உண்மையாயிடும்."

"அதுவரைக்கும் ஜனங்க, சார்?"

"ஜனங்க பொறுமைசாலிங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. வீட்டில் பாலத்தைப் பற்றி ஏதோ பெரிய நல்ல செய்தி போலச் சொன்னேன்.

"அது வர்றப்ப எனக்கு என்ன வயசுடா ஆகும்?" என்று கேட்டுவிட்டு அக்கா அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். முகத்தைத் துடைக்கிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தில், யாரும் கேட்காமலே எழுந்து நின்றேன். "அந்தக் கோட்டைப் போட்டது நான்தாங்க. அங்க பாலம் இல்ல. நான் போய்ப் பார்க்கல." கூட்டம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "நீங்க எங்க சார் குடியிருக்கீங்க?" என்றார். "அங்கதான்" என்றேன். அப்போது சிரித்தார்கள் பாருங்கள், கூட்டத் தலைவருக்கே மேஜையைத் தட்டி அடக்க மனம் வரவில்லை. கடைசியில், ஒருநாள் காலை அந்த நிறுத்தத்தில் ஏறுகிறவர்களை எண்ணிப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். எண்ணும் வேலையைத் தலைமைப் பொறியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு என் தலையில் கட்டினார்.

அட்டையும் பேனாவுமாகப் போனால் நிறுத்தத்தில் திருவிழாக் கூட்டம். தையற்காரர், மருந்துக்கடைக்காரர், கார் வைத்திருக்கும் பல் டாக்டர், எங்கள் மாடிவீட்டுக்காரரின் மாமியார்வரை நின்றார்கள்.

"எங்க சார் போறீங்க?" என்று தையற்காரரைக் கேட்டேன்.

"ஏறச் சொன்னது உங்க அக்கா. எங்கன்னு சொல்லலையே" என்றார்.

தொழில் தர்மப்படி இவர்களை எண்ணக் கூடாது. ஆனால் படிவம் ஏறினாரா என்றுதான் கேட்டது, ஏன் ஏறினார் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பஸ் வந்தது. அக்கா பின்னால் நின்று ஒவ்வொருவராகத் தள்ளி ஏற்றினாள். "வேடிக்கை பார்க்காம எண்ணுடா!" என்று எனக்கும் ஒரு அதட்டல். படிக்கட்டுவரை நிறைந்து, கண்டக்டர் கத்தக் கத்த, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி கிளம்பியது. அக்காவுக்கு மட்டும் கால் வைக்க இடமில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டதால் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

"எல்லாரையும் எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்க்கா. உன் பஸ் பிழைச்சுது."

"என்னையும் சேர்த்துத்தானே?"

"நீ ஏறலையேக்கா."

என் ஹெல்மெட்டில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. "அடப்பாவி! தினமும் அதுல போறவளை விட்டுட்டு மத்த எல்லாரையும் எண்ணியிருக்கியே!"