கடைசிக் குளத்துக் கெண்டைகள்

வூ பெய்லான் சீனாவின் குய்சோ மாகாணத்து மலைக்காரி, தோங் இனத்தவள். தொலைவில் வேறு மாகாணத்து ஷாவ்ஷிங் நகரில் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்ப் பிரிவில் ஒன்பது வருடம் உழைத்தாள். ஆலை தரும் வேலைச் சான்று இருக்கும்வரைதான் மகள் அந்த ஊர்ப் பள்ளியில் படிக்க முடியும். அதனால் வாயைத் திறப்பதில்லை. ஒரு தடவை திறந்தாள்.

பதினோரு மாகாணத்து ஆட்கள் அங்கே வேலை பார்த்தார்கள். தண்ணீரைச் சுத்தமாக வெளியே விட யோசனை சொல்லுங்கள் என்று மேலாளர் கூ எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டார்.

"எங்க ஊர்ல நெல்லு வயல்லயே கெண்டை வளப்போம் சார். தண்ணி கெட்டா மீன்தான் முதல்ல காட்டிக்குடுக்கும். சுத்தம் பண்ணின தண்ணி வெளிய போறதுக்கு முன்னாடி வந்து சேர்ற கடைசிக் குளத்துல விட்டுப் பாருங்க" என்றாள் பெய்லான்.

"செத்தா பொரிச்சுத் தின்னலாமாக்கா? மிளகா நான் கொண்டாரேன்" என்றான் ஹூனான்காரன் பெங்.

"தின்னுடா. மறுநாள் நீலமா ஒண்ணுக்குப் போவே."

எல்லோரும் சிரித்தார்கள். கூ குறித்துக்கொண்டார்.

மீன்கள் நீந்தின. மீன் திணறிய நாட்களில் எந்தத் தொட்டியில் கோளாறு என்று தேடிச் சரிசெய்தார்கள். மாவட்டப் பரிசு வந்தது. புகைப்படத்துக்காக வாடகை வெள்ளிக் கிரீடம் ஒன்றை அவள் தலையில் மாட்டினார்கள்.

"சார், இது மியாவ் இனத்துப் பொண்ணுங்களோடது. எங்களது இல்ல."

"யாருக்குத் தெரியப்போகுது? சிரி."

சிரித்தாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஆலை வாசலில் மாட்டினார்கள்.

மறு வருடம் சாயம் போட வந்த துணி குவிந்தது. ஒரு காலையில் பார்த்தால் தண்ணீர் செந்நிறமாக வருகிறது, கெண்டைகள் மல்லாந்து கிடக்கின்றன. அவள் ஊரில் மிதக்கும் மீனை முதலில் பார்ப்பவர் யாரானாலும் மடையை அடைத்துவிட வேண்டும். யார் வயல், யார் தண்ணீர் என்ற பேச்செல்லாம் பிறகுதான். பெய்லான் யோசிக்கவேயில்லை. குளத்துக்குத் தண்ணீர் வரும் குழாயின் வால்வுச் சக்கரத்தைத் திருகி மூடினாள். தண்ணீர் எதிர்த்து ஏறி, சாயக்கூடம் அரை நாள் நின்றது.

கூ ஓடிவந்தார். "யாரைக் கேட்டு மூடுன?"

"மீன் செத்து மிதக்குது சார். தண்ணி சுத்தமாகாம வருது."

"எனக்குத் தெரியாதா? சுத்தம் பண்ற தொட்டிய விட்டுட்டு நேரா குளத்துக்குத் திறக்கச் சொன்னதே நான்தான்!"

அன்று மாலையே கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். சான்று போனது, பள்ளியும் போனது. மகளோடு ஊர் திரும்பினாள்; குய்சோவில் பாடத்திட்டம் வேறு. மகள் அந்த வருடத் தேர்வில் தேறவில்லை. இப்போது வேறொரு ஊர் ஆலையில் செருப்புக்குப் பசை தடவுகிறாள்.

போன மாதம் பெங் போன் செய்தான்.

"அக்கா, குளத்துல இப்ப கெளுத்தி விட்டிருக்காங்க. அது சாக்கடையிலயே பொழைக்கும். ஒரு மீன்கூடச் சாகலன்னு இந்த வருஷமும் பரிசு."

"வாசல்ல இருந்த படம்?"

"அப்படியே இருக்கு. கிரீடத்தோட நீ சிரிச்சுக்கிட்டு நிக்கிற."