உருகும் ரோடு

திருவண்ணாமலை, செங்கம் ரோடு. உச்சி வெயிலில் மலையே வெளுத்துக் கிடக்கிறது. சர்பத் கடை பாய் ஐஸ் கட்டிமேல் மரத்தூளை அள்ளிப் போட்டுச் சாக்கால் மூடுகிறார். சுவரில் சோவியத் பத்திரிகையிலிருந்து வெட்டிய படம்: பனிவெளி, எண்ணெய்க் கிணறு, வரிசையாக லாரிகள்.

"சைபீரியாவா?" என்கிறேன்.

"ஆமாங்க, டியூமென் பக்கம். என் பையன் படிச்சுட்டு அங்க ட்ரெயினிங்ல இருக்கான். அந்த நாட்லயே ஜாஸ்தி எண்ணெய் அங்கதான் எடுக்கறாங்களாம். ஆனா பூமி பூரா சேறு. குளிர்ல சேறும் ஆறும் இறுகினாத்தான் லாரி போகும். உருகிட்டா ரோடே இல்ல. கிணத்துகிட்ட இருக்கறவன் அங்கயேதான்."

"ஊருக்கு வருவாரா?"

சர்பத்தைக் கலக்கி என் கையில் தருகிறார்.

"அவங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. டாக்டர் கைய விரிச்சுட்டாரு. பன்னெண்டாம் தேதி தந்தி குடுத்தேன். ஏப்ரல் பாதி வரைக்கும் ரோடு தாங்கும்னு எழுதியிருந்தான். வந்துடுவான். இன்னும் நாள் இருக்குதுங்க."

மறுபடி சாக்கைத் தூக்கி, இன்னொரு கை மரத்தூள் போடுகிறார்.

அவருக்குப் பின்னால் தொங்கும் தினசரி காலண்டரில் பன்னிரண்டாம் தேதித் தாள் கிழிக்கப்படாமல் இருக்கிறது. இன்று ஏப்ரல் இருபத்து நான்கு.