தடித்த கம்பு

துரு என்றால் இரும்பில்தான் பிடிக்கும் என்று நான் நம்பியிருந்த வயது. தோவாளையில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு பிச்சி நின்றது. ஆரல்வாய்மொழியில் பூந்தோட்டம் வைத்திருந்த வீட்டுக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தபோது, எங்கள் வழக்கப்படி பிச்சிப் பதியன் ஒன்றும் கூடப் போனது. இருப்பதிலேயே தடித்த கம்பாகத் தேடி, வளைத்து மண்ணில் புதைத்து வேர்விட வைத்தது அம்மாதான். “மெலிஞ்ச கம்பு கொண்டு போனா நம்மள கொறச்சலா சொல்லுவாவ” என்றாள்.

மழைக்குப் பிறகு நான் அக்கா வீட்டுக்குப் போனபோது, பதியனின் மொட்டுகள் விரல் விரலாக வீங்கி முறுக்கியிருந்தன. மேலெல்லாம் பொடிப்பொடிக் கிண்ணங்கள். தொட்டால் மஞ்சள் தூள். கன்னத்தில் பூசி மணப்பெண்ணாக ஆடினேன். அந்த வீட்டில் அக்கா சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

இப்போது தாவர நோய்களைப் படிக்கிறேன். நுண்ணோக்கியில் அந்தக் கிண்ணத்தை முதலில் பார்த்தபோது ஆவலில் தொணதொணவென்று பேசிக்கொண்டிருந்தேன். பிறகு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் துருப் பூஞ்சையின் வித்துகளான ஸ்போர்கள் சங்கிலியாகப் பிறக்கின்றன. மூத்தது காற்றில் உதிர, அடுத்தது மேலே வருகிறது. ஈரத் தளிரில் விழுந்தது முளைத்து உள்ளே நுழையும், அங்கேயும் கிண்ணங்கள். பல துரு நோய்கள் பரவ நடுவில் இன்னொரு வகைச் செடி வேண்டும்; இதற்கு வேண்டாம், பிச்சியிலிருந்து பிச்சிக்கே. கிண்ணம் திறக்கும்வரை வெறும் வீக்கம்தான் தெரியும். அம்மா ஆரோக்கியம் என்று நினைத்த தடிமன் அது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் ஓயாத காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன.

தோட்டம் வரிசை வரிசையாக முறுக்கிக்கொண்டது. “இவ காலெடுத்து வச்ச நேரம்” என்றார் மாமியார். செடிகளைப் பிடுங்கித் தீ வைத்த கையோடு அக்காவை அனுப்பிவிட்டார்கள். எனக்கோ கொண்டாட்டம், தலை பின்ன ஆள் வந்தாயிற்று.

“பூ போனதுக்கு நான் என்ன செய்யேன்?” என்று, கேட்டவர்களிடமெல்லாம் அக்கா சண்டைக்கு நின்றாள். “அவிய மண்ணு சரியில்ல. நான் குடுத்த கம்பு தங்கம்லா” என்பாள் அம்மா.

ஒரு சாயங்காலம் பூவுக்காக அக்காவைப் பின்புறம் இழுத்துப் போனேன். பதியன் எடுத்த இடத்தை ஒட்டிய கம்பு வீங்கியிருந்தது. இலையை விலக்கியவள் விரலில் மஞ்சள் ஒட்டியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கம்பை ஒடித்து அடுப்பில் செருகினாள்.

“அம்மைட்ட சொல்லிராத மக்கா.”

செடியை ஒடித்ததற்கு ஏச்சு விழும் என்று பயப்படுகிறாள் போலும் என நினைத்து, வாய் திறக்காமலிருக்க ரிப்பன் கேட்டேன்.

அதன்பின் யார் கேட்டாலும், “எனக்க நேரம்தான்” என்று அக்காவே சொல்லத் தொடங்கினாள். ஏன் மாற்றிச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. ரிப்பன் கிடைத்திருந்தது.