சேறு பார்க்கும் தராசு

அழுக்குத் துணிக் கூடைக்குள் தலையை விட்டால் வெளியே எடுக்க அரை மணி நேரம் ஆகும் தராசுக்கு. திங்கள்கிழமை காலை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முந்தின நாள் ஆட்டத்தில் போட்ட சட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, முன்பக்கம் ஒரு பார்வை, பின்பக்கம் ஒரு பார்வை. காதில் செருகிய அரைப் பென்சில் இறங்கும், குறிக்கும், ஏறும்.

"நேத்தே துவைச்சிருந்தா இந்நேரம் காஞ்சிருக்கும் தம்பி. உங்களால இந்த நாத்தத்தோட குடும்பம் நடத்துறேன்" என்பார் சலவை அக்கா. பதினோரு வருடமாக இதையேதான் சொல்கிறார்.

"நாத்தத்துலதான் அக்கா நம்ம ரெண்டு பேருக்கும் சோறு."

தராசு என்பது அந்தக் கால்பந்து கிளப்பில் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர். எந்த ஆட்டக்காரனின் ஒப்பந்தத்தை நீட்டிக்கலாம், எத்தனை வருடத்துக்கு, என்ன விலைக்கு என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. ஓட்டத்தை அளக்கும் கம்ப்யூட்டர் அறிக்கை வரும். டாக்டர் சீட்டு வரும். எல்லாவற்றையும் வரி விடாமல் வாசிப்பார். அப்புறம் சலவை அறைக்கு இறங்கி வந்துவிடுவார்.

"முன்னாடி சேறு இருந்தா பந்துக்குப் பாஞ்சவன். முதுகுல இருந்தா எவனோ தள்ளிட்டான், இல்ல தானாப் படுத்துட்டான். ரெண்டு பக்கமும் சுத்தமா இருந்தா நின்னு வேடிக்கை பாத்தவன். அவன் டிக்கெட் எடுத்துட்டு வந்திருக்கணும்."

போன மாதம் ஒன்பதாம் எண் ஆட்டக்காரனின் ஏஜென்ட் வாசனை திரவியம் மணக்க வந்து உட்கார்ந்தார். மூன்று வருடம், சம்பளம் இரட்டிப்பு என்றார். தராசு தன் நோட்டைப் புரட்டினார். "உங்க ஆளு முதுகுச் சேறு மட்டும் ஏழு ஆட்டத்துல இருக்கு. கோல் போட்டா காசு தர்றேன். படுத்து உருண்டா தரமாட்டேன். நடிப்புக்குக் காசு வேணும்னா அதுக்கு வேற கம்பெனி இருக்கு." இரண்டு வருடம், கோலுக்கு இவ்வளவு என்று முடிந்தது. ஏஜென்ட் கோபத்தில் தேநீரைத் தொடாமலே போனார். அதையும் தராசே குடித்தார்.

முரட்டு மனிதர்தான். ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதம். அவரும் ஒரு காலத்தில் இதே களத்தில் ஓடியவர். இருபத்தேழு வயதில் முட்டி போனது. 'இனி வேண்டாம்' என்ற காகிதத்தை வாசல் காவலாளி கையில் கொடுத்தனுப்பினார்கள். அதனால் இன்றைக்கும் ஒருவனுக்கு இல்லை என்று சொல்ல வேண்டுமானால், நொண்டி நொண்டி அவன் வீட்டு மாடிப்படி ஏறி, நேரில் சொல்லி, திட்டுவதை முழுசாக வாங்கிக்கொண்டுதான் இறங்குவார்.

இந்தத் திங்கள்கிழமை அவர் ஏற வேண்டி வரும் போலிருந்தது சொந்த மாமியார் வீட்டு மாடிப்படி.

இரண்டாம் எண்காரன், வலப்பக்கத் தடுப்பாட்டக்காரன், மனைவியின் ஒரே தம்பி. வயது முப்பத்திரண்டு. இங்கே நீட்டிக்காவிட்டால் இந்த வயதில் வேறு யாரும் எடுக்கப்போவதில்லை. கம்ப்யூட்டர் இழுபறி என்றது. பயிற்சியாளர், "உங்க வீட்டு ஆளு, நீங்களே பாத்துக்கங்க" என்று நழுவிவிட்டார். பன்னிரண்டு மணிக்குள் கிளப் தலைவர் மேசைக்குப் பட்டியல் போயாக வேண்டும்.

மச்சான் முகத்தைப் பார்த்தால் மனசு சாய்ந்துவிடும் என்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கே அவர் போகவில்லை. சட்டையைப் பார்க்கும்வரை ஆட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கிளப்பிலும் வீட்டிலும் உத்தரவு வேறு. மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உத்தரவை மீறவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் மேசையில் டமாரென்று இறங்கியது.

இரண்டாம் எண் சட்டையைத் தராசு கழுத்தில் பிடித்துத் தூக்கினார். முன்பக்கம் சுத்தம். பின்பக்கமும் சுத்தம். மழை பெய்து ஓய்ந்த களத்தில் நடந்த ஆட்டம். கோல்கீப்பர் சட்டையைப் பிழிந்தால் ஒரு பூந்தொட்டிக்கு மண் தேறும். மச்சான் சட்டையில் பொட்டுச் சேறு இல்லை.

திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பினார். பென்சிலை எடுத்து, 'வேண்டாம்' என்று எழுதினார். எழுத்து கோணலாகப் போனது.

"அக்கா, இன்னிக்கு என் சம்சாரம் என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. உங்க இஸ்திரி மேசையில படுத்துக்கவா?"

சலவை அக்கா சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த சட்டையை வெடுக்கென்று பிடுங்கினார். "சேத்தப் பாத்தீங்க, சரி. கழுத்தப் பாத்தீங்களா?"

கழுத்துப் பட்டையிலிருந்து தோள்வரை கிழிந்து தொங்கியது. தராசின் கை பிடித்திருந்த இடமே அதுதான்.

"ஆட்டம் தொடங்கி அஞ்சு நிமிஷம் ஆகல, எதிராளி புடிச்சு இழுத்துக் கிழிச்சுட்டான். கோட்டுக்கு வெளிய வச்சு நான்தான் அவசரத்துக்கு வச்சிருக்கிற நம்பர் இல்லாத சட்டைய மாட்டிவிட்டேன். மிச்ச ஆட்டம் பூரா அதுலதான்."

"இத ஏன் சொல்லல?"

"யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டது யாராம்? நானா?"

கூடையின் அடியில் கிடந்தது அந்தச் சட்டை. எண் இல்லாததைத் தராசு எப்போதும் ஓரமாகத் தள்ளிவிடுவார். அது யாருடையதும் இல்லையே. இப்போது விரித்தார். முன்பக்கம் துணியின் நிறமே தெரியவில்லை. புல் ஒட்டியிருந்தது. நெஞ்சுக்கு நேரே, முத்திரை குத்தின மாதிரி, பந்தின் வட்டத் தடம்.

பிளாஸ்டிக் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். அப்புறம் மனைவிக்குப் போன் போட்டார்.

"உன் தம்பி பந்த நெஞ்சால தடுத்தானா?"

"கடைசி நிமிஷம். கோல் கோட்டு மேல நின்னு. இப்ப நான் பேசலாமா?"

"பேசு."

பேசினார். நேற்றிலிருந்து அடக்கி வைத்த அத்தனையும் வந்தது. தராசு பத்து நிமிடம் 'ம்' கொட்டினார்.

"அவன் ரெண்டு வருஷம் எதிர்பாக்குறான்" என்று முடித்தார் மனைவி.

"ஒரு வருஷம். அதே சம்பளம். ஒரு பைசா ஏறாது. அடுத்த வருஷமும் சட்டையத்தான் பாப்பேன்."

"நீங்கள்லாம் ஒரு மனுஷனா?" என்றது போன். ஆனால் குரலில் சிரிப்பு இருந்தது. "சாப்பிட நேரத்தோட வாங்க."

'வேண்டாம்' என்பதை இரண்டு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'ஒரு வருடம், பழைய சம்பளம்' என்று எழுதினார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பட்டியல் மாடிக்குப் போயிற்று.

வழக்கமாக அத்தோடு அவரும் போய்விடுவார். அன்று போகவில்லை. எண் இல்லாத சட்டையை அக்கா கையில் கொடுக்காமல், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, இயந்திரத்துக்குள் தானே போட்டு, எந்தப் பொத்தான் என்று கேட்டு அழுத்தினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மடங்காத காலை முன்னால் நீட்டிக்கொண்டு, வட்டக் கண்ணாடிக்குள் தண்ணீர் பழுப்பாவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.