எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை

"உங்க குடும்பத்துல வேற யாராவது இந்த மாதிரி இருந்திருக்காங்களா?" என்று தஞ்சாவூர் டாக்டரம்மா கேட்டதும், நானும் மாமியாரும் ஒரே குரலில், "அப்படி யாரும் இல்லீங்க" என்றோம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். ஜீன் பரிசோதனைக்குப் போன இடத்திலும் சம்பந்தம் பேசுகிற புத்தி போகவில்லை.

என் மகளுக்கு ஒன்பது வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. "எங்க பரம்பரையிலயே இல்லாதது" என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அப்படியானால் யார் பரம்பரை என்று யாரும் கேட்கத் தேவையில்லை. ஆறு வருடமாக அந்தப் பழி என்னை அரித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "பெரும்பாலும் ஒரே ஒரு ஜீன்னால வர்றதில்லைங்க. நிறைய சின்னச் சின்ன மாற்றம் சேரும். சிலது அப்பா வழி, சிலது அம்மா வழி, சிலது குழந்தைக்கே புதுசா வரும். எது, எவ்வளவுங்கிறதைப் பொறுத்து ஒருத்தருக்கு லேசா இருக்கும், இன்னொருத்தருக்குக் கடுமையா இருக்கும். லேசா இருந்தவங்களை யாரும் கவனிச்சிருக்கவே மாட்டாங்க."

அந்த நேரம் பார்த்து மகள் கைகழுவும் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீரைக் கண்டதும் முகத்துக்கு நேரே விரல்களைப் படபடவென்று ஆட்டினாள்.

என் அப்பா. வாய்க்காலில் புதுத் தண்ணீர் வரும் நாளில் மதகடியில் நின்று இப்படித்தான் விரல்களை ஆட்டுவார். நடவன்று நாற்று முடிச்சுகளைச் சாண் கணக்குப் பார்த்து வரப்பில் வரிசையாக வைப்பார்; ஒன்று நகர்ந்தாலும் அன்றைக்கு அவர் சாப்பிட மாட்டார். "நாத்துக்கெல்லாம் பந்தி போடுறீங்களாய்யா?" என்று நடவுப் பெண்கள் சிரிப்பார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆனாலும் விவசாயம் பார்த்தார், எங்களை ஆளாக்கினார். ஒரு மாதிரியான ஆள் என்று ஊரும் விட்டுவிட்டது. பேத்தியைப் பார்க்காமலே போய்விட்டார். அவர் பக்கத்தில் வரப்பில் பேசாமல் உட்கார்ந்திருந்த காலைகளுக்காக இப்போதும் ஏங்குகிறேன்.

"எங்க அப்பா இருந்தாருங்க" என்றேன்.

மாமியார் ஜெயித்துவிட்டதாக நிமிர்வார் என்று நினைத்தேன். அவர் பேத்தியின் ஈரக் கையை முந்தானையால் துடைத்தார். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எழுதிக்குங்க டாக்டரம்மா. எங்க வீட்லயும் ஒருத்தன் இருந்தான். என் கொழுந்தன். இவ மாதிரியேதான், பேச்சே கிடையாது. நாத்தனாரைப் பொண்ணு பார்க்க வந்தப்பல்லாம் அவனை நெல்லு அறையில வச்சுப் பூட்டிடுவோம். சாவி என் இடுப்புலதாங்க இருந்துச்சு."