காசிமாயனின் இடிந்த கோயிலும் கணுக்கால் ஆறும்

"இந்தக் கோயிலை இடித்தது யார்?"

1936-ஆம் வருஷம் புரட்டாசி மாதத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி என்னைப் பார்த்து இப்படிக் கேட்டாள். இங்கிலீஷில், நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தவன், கேள்வியில் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. ஆனால் என்னைச் சுற்றி ஊரே கையில் கம்போடு நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. "எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அம்மணி" என்று தப்பில்லாத இங்கிலீஷில் சொல்லிவிட்டு ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

இப்போது பதில் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் காசிமாயனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

காசிமாயன் ஆனையூர்க்காரர். எங்கள் ஊர் மாயக்காளைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். எங்கள் ஊர் சமயநல்லூரிலிருந்து தெற்கே இறங்கும் வண்டிப் பாதையின் கடைசியில், வைகைக் கரையில் இருக்கிறது. ஊரில் எல்லோரும் அவரை "மாப்ள" என்றுதான் கூப்பிடுவார்கள். அது பிரியத்தினால் என்று அவர் வெகுநாள் நினைத்திருந்தார். உண்மையில் அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ள யாரும் சிரமப்படவில்லை. எங்கள் ஊரில் மேலத்தெருவில் மேல வகையறா, கீழத்தெருவில் கீழ வகையறா என்று இரண்டு வகையறாக்கள். இரண்டிலும் சேராதவனுக்குத் திருவிழாவில் விபூதி உண்டு, மரியாதை கிடையாது.

திருவிழா என்று ஒன்று நடந்தால்தானே? எங்கள் அய்யனார் கோயிலில் திருவிழா நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பூசாரி பரிவட்டத்தை, அதாவது சாமிக்குச் சாத்திய பட்டுத்துணியை, முதலில் யார் தலையில் கட்டுவது என்று வழக்கு வந்தது. மேல வகையறாவின் பெரியவர் மலையாண்டி தலையை நீட்டினார். கீழ வகையறாவின் பெரியவர் பேயாண்டி, என் சொந்தப் பெரியப்பா, அவரும் நீட்டினார். பரிவட்டம் கிழிந்தது. பிறகு சில மண்டைகளும் கிழிந்தன. சர்க்கார் ஆட்கள் வந்து கதவைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு மதில் விரிசல் விட்டது. யாராவது ஒரு கூடைச் சுண்ணாம்பு அப்பியிருந்தால் நின்றிருக்கும். ஆனால் மேல வகையறா ஒரு செங்கல்லை எடுத்து வைத்தால் அது அவர்களுடைய பாத்தியதைக்குச் சாட்சியாகிவிடும். கீழ வகையறா வைத்தாலும் அப்படியே. அதனால் இரு தரப்பும் முறை வைத்துக் காவல் இருந்து, யாரும் ஒரு செங்கல்லையும் வைத்துவிடாமல் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள். மதில் விழுந்தது. கோபுரத்தில் அரசமரம் முளைத்து அதைப் பிளந்தது. அய்யனாரின் மண்குதிரைகள் காலும் தலையும் போய்க் கிடந்தன. கதவும் பூட்டும் மட்டும் விழவில்லை. சுவர் இல்லாத இடத்தில் கதவு தனியாகப் பூட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் எல்லோரும் சட்டத்துக்கு மரியாதை கொடுத்து அதைச் சுற்றிக்கொண்டு போவோம்.

இந்தக் கோயிலைப் பார்த்து ஊரில் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் காசிமாயன்தான். அவர் மதுரை ரயிலடியில் சோடா விற்றுக்கொண்டிருந்தவர். காலை வண்டியில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்கள், இரவு வண்டிக்கு இன்னும் அரைநாள் இருக்கிறதே என்று கொட்டாவி விடுவதைப் பார்த்தார். சோடாப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒரு காக்கிக் கோட்டும் சிவப்புத் தலைப்பாகையும் வாங்கினார். "புராதனக் கோயிலும் ஆற்றுச் சவாரியும், அரைநாளில்" என்று ரயிலடியில் நின்று கூவினார்.

புராதனம் என்றால் எம்புட்டுப் புராதனம்? அந்தக் கோயில் என் பாட்டனாரின் அப்பா காலத்தில் கட்டியது. காசிமாயன் அதற்கு இரண்டாயிரம் வயது போட்டார். மண்குதிரைகள் பாண்டிய ராஜாவின் குதிரைப்படை ஆயின. இடித்தது யார் என்று கேட்டால், கேட்கிறவருக்கு யார் ஆகாதோ அவர் தலையில் போடுவார். வெள்ளைக்காரர் கேட்டால் பிரெஞ்சுக்காரன் பீரங்கி. கொழும்பிலிருந்து வரும் செட்டியார் கேட்டால் வெள்ளைக்காரன் பீரங்கி. அரசமரம் இவ்வளவையும் கேட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ராஜாவுக்கு வாரம் ஒரு புது ராணி வேறு. மாயக்காள் ஒருநாள் கேட்டேவிட்டாள்: "ஏய்யா, அந்த ராசாவுக்குக் கல்யாணத்த விட்டா வேற சோலியே கிடையாதா?"

ஆற்றுச் சவாரி இதைவிட அதிசயம். வைகையைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியாற்றுத் தண்ணீர் மேலே பேரணை அணைக்கட்டிலேயே வாய்க்காலுக்குப் போய்விடும். எங்கள் ஊருக்கு வந்து சேர்வது மணலும் கொஞ்சம் ஈரமும். காசிமாயன் ஒரு பரிசலை வாங்கிவந்தார். சுருளி, சின்னச்சாமி என்று இரண்டு பேரை வைத்து மணலில் வாய்க்கால் வெட்டினார். கணுக்கால் தண்ணீர் ஓடியது. வந்தவர்கள் பரிசலில் உட்கார்ந்து விளிம்பைப் பிடித்துக்கொள்வார்கள். சுருளியும் சின்னச்சாமியும் பின்னாலிருந்து தள்ளுவார்கள். "முதலை உண்டு, கையை வெளியே விடாதீர்கள்" என்று காசிமாயன் எச்சரிப்பார். கையை விட்டால் மணல் தட்டுப்படும், அதற்காக. பக்கத்தில் எருமைகள் குளம்பு மட்டும் நனைய நின்று, பயணிகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவதைப் பார்க்கும்.

அந்தப் புரட்டாசியில் வந்த துரை சாதாரணத் துரை இல்லை. கொழும்பில் கப்பல் பயணிகளுக்கு ஊர் சுற்றிக்காட்டும் கம்பெனி ஒன்றில் பெரிய ஆள். தனக்குப் பிடித்துவிட்டால் வாரா வாரம் ஒரு கூட்டத்தை அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். காசிமாயன் எப்போதும் ஒருவரோ இருவரோ வந்தால் பிழைப்பவர். இனி வாரா வாரம் என்றால் மாயக்காளின் வீட்டிலிருந்து எழுந்து தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம். அதனால் அன்றைக்கு எல்லாவற்றையும் கொஞ்சம் தூக்கலாகச் செய்தார். முதலையை இரண்டாக்கினார். ராணியைத் தீக்குளிக்க வைத்தார். கடைசியில் கோயிலில் யாருக்கும் செய்யாத ஒன்றைச் செய்தார். ஒரு பட்டுத்துணியை எடுத்துத் துரையின் தொப்பியைக் கழற்றச் சொல்லி அவர் தலையில் பரிவட்டம் கட்டினார். துரைசானியை மண்டபத்து மணியை அடிக்கச் சொன்னார்.

எங்கள் கோயிலில் மணி அடிப்பது பரிவட்டம் கட்டும்போது மட்டும்தான். அந்த மணியின் நாக்கை வழக்குக் காலத்தில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். காசிமாயன் கயிற்றை அறுத்திருந்தார். துரைசானி நல்ல பலசாலி.

நான் அப்போது மண்டபத்தில்தான் இருந்தேன். தினமும் அங்கேதான் இருப்பேன். "உத்தியோகம் என்னாச்சு?" என்று யாரும் கேட்காத நிழல் ஊரில் அது ஒன்றுதான். மணிச் சத்தம் கேட்டதும், மேற்கேயிருந்து மேல வகையறா கம்போடு ஓடி வந்தது, கீழ வகையறாக்காரன் மரியாதை வாங்குகிறான் என்று. கிழக்கேயிருந்து கீழ வகையறா கம்போடு ஓடி வந்தது, மேல வகையறாக்காரன் மரியாதை வாங்குகிறான் என்று. இரண்டு கூட்டமும் விழுந்த மதிலைத் தாண்டி உள்ளே வந்தன. நடுவில் ஒரு வெள்ளைக்காரர் தலையில் பரிவட்டத்தோடு நின்று கும்பிடு போட்டார்.

ஓங்கிய கம்புகள் அப்படியே நின்றன. துரை அந்தக் கம்புகளையும் நிகழ்ச்சியில் ஒரு அங்கம் என்று நினைத்துவிட்டார். மிகவும் சந்தோஷப்பட்டார். மலையாண்டியை வலப்பக்கமும் என் பெரியப்பாவை இடப்பக்கமும் நிறுத்தி, துரைசானியிடம் கேமராவைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். இருவரையும் அதுவரை யாரும் படம் எடுத்ததில்லை. மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் துரைசானி என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

நான் சொன்ன பதிலை முதலிலேயே எழுதிவிட்டேன்.

துரையின் கார் கிளம்பிப் போன பிறகுதான் ஊருக்கு உறைத்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு பெரியவர்களில் மலையாண்டிதான் முதலில் வாய் திறந்தார்.

"அண்ணே, மொத மருவாத போயிருச்சே" என்றார்.

"சும்மா வெளாட்டுக்குக் கட்டுனேன், மாமா" என்றார் காசிமாயன்.

"பரிவட்டத்துல என்ன மாப்ள வெளாட்டு? நாளைக்கே அந்தத் தொர கோர்ட்டுல போயி மொத மருவாத எனக்குத்தான்னா, அங்க ஜட்ஜு யாரு? அவுக ஆளு" என்றார் மலையாண்டி.

"படம் வேற புடிச்சிட்டுப் போயிட்டான்" என்றார் என் பெரியப்பா. "ரெண்டு பக்கமும் நாமதான் நிக்கிறோம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

துரைக்கு எங்கள் அய்யனார் மேல் எந்த ஆசையும் இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். "நீ சும்மா இரு, ஒனக்குத்தான் இங்கிலீசு தெரியாதே" என்றார் பெரியப்பா. அடுத்த வருஷம் துரை வந்து பாத்தியதை கேட்பதற்குள் கோயிலைத் திறந்து, திருவிழா நடத்தி, பரிவட்டத்தை ஊர்த் தலைக்கே திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. இத்தனை வருஷம் வக்கீல்களால் முடியாத ராஜி அந்த மண்டபத்திலேயே முடிந்தது. இருவரும் சேர்ந்து மனுப் போட்டார்கள். பூட்டைத் திறக்க வந்த குமாஸ்தா, எந்த வழியாக உள்ளே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

காசிமாயன் சோறு தண்ணி இல்லாமல் அலைந்தார். கொழும்பிலிருந்து முதல் கூட்டம் தீபாவளி கழித்து வருவதாகத் துரை கடிதம் போட்டிருந்தார். அதற்குள் கோயில் எழுந்துவிட்டால் வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது? ஊரில் சமாதானம் வந்துவிட்டது என்று இவ்வளவு துக்கப்பட்ட ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. மலையாண்டியிடம் போய், "பேயாண்டி மாமா பரிவட்டத்துக்கு வலப்பக்கம் நிக்கப் போறாராம்" என்றார். என் பெரியப்பாவிடம் வந்து, பெயரை மட்டும் மாற்றி அதையே சொன்னார். பழைய நாளாக இருந்தால் அன்று சாயங்காலமே கம்பு எடுத்திருப்பார்கள். ஆனால் இப்போது இருவரும் பேசிக்கொள்கிறார்கள் என்பதை அவர் மறந்துவிட்டார். சேர்ந்து உட்கார்ந்து வெற்றிலை போடும்போது ஒருவர் கேள்விப்பட்டதையே மற்றவரும் சொல்ல, இருவரும் எழுந்து நேரே மாயக்காள் வீட்டுக்கு வந்தார்கள்.

ஊர் மாப்பிள்ளையை அடிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அதற்கு ஈடாக மலையாண்டி ஒன்று சொன்னார்: "மாப்ள, பரிவட்டத்த நீதான் கட்டணும். பூசாரி கீழத்தெரு ஆளு, அவன் கட்டுனா மேலத்தெருவுக்கு ஆகாது; எங்க ஆளு கட்டுனா கீழத்தெருவுக்கு ஆகாது. நீ ஒருத்தன்தான் எதுலயும் சேராதவன்."

யார் தலையில் முதலில் கட்டுவது என்ற கேள்வி அப்படியேதான் இருந்தது. அதைக் காசிமாயனே தீர்த்தார். தீர்க்காவிட்டால் தன்னை விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரே துணியை நீளமாக வாங்கி, திருவிழா அன்று இரண்டு கைகளாலும் ஒரே சமயத்தில், ஒரு முனையை மலையாண்டி தலையிலும் மறு முனையைப் பேயாண்டி தலையிலும் சுற்றினார். மணி அடித்தது. நடுவில் துணி தொங்க, இருவரும் ஏர் மாடுகள் போலக் கோயிலைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் தும்மினால் மற்றவர் தலை ஆடியது. ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மாயக்காள் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

கொழும்புக் கூட்டம் சொன்னபடி வந்தது. மதில் நிமிர்ந்து, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து, மண்குதிரைகள் புது மூக்கோடு நின்றன. "வெரி ஓல்ட், சார்" என்றார் காசிமாயன், குரல் நடுங்காமல். அவர்களில் ஒருவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

சரி, ஆறாவது இருக்கிறதே என்று கரைக்கு அழைத்துப் போனார். முந்தின நாள் மலையில் நல்ல மழை. வைகையில் அன்றைக்கு நிஜமாகவே ஆறு வந்திருந்தது, கரை தொட்டு, செந்தண்ணீராக. எங்கள் ஆற்றுச் சவாரி வீரர் அதில் கால் நனைக்க மறுத்துவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. பரிசல் அன்றுதான் முதன்முதலாக மிதந்தது. யாரும் ஏறாமலே மிதந்து, வண்டியூர்ப் பக்கம் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். அதற்கப்புறம் கொழும்பிலிருந்து யாரும் வரவில்லை.

காசிமாயன் இப்போதும் மாயக்காள் வீட்டில்தான் இருக்கிறார். வருஷத்துக்கு ஒருநாள் பரிவட்டம் கட்டுகிறார். கூலியாக ஒரு தேங்காய் மூடி கிடைக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒருநாள், இரண்டு தலைகளையும் தன் கைக்குக் கீழே குனியவைத்து முடிச்சுப் போடும்போது, தேவைக்கு மேலேயே இறுக்குகிறார். அந்த நேரத்தில் அவரை யாரும் அவசரப்படுத்துவதில்லை. இப்போது அவருடைய பெயரும் எல்லோருக்கும் தெரியும்.

துரைசானிக்கு என் பதில் இதுதான்: அம்மணி, இந்தக் கோயிலை நாங்கள்தான் இடித்தோம். இரண்டு தெருவும் சேர்ந்து, ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல், மிகுந்த கவனத்தோடு இடித்தோம். அவள் விலாசம் எனக்குத் தெரியாது. அதனால் இதைப் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் மரியாதைக்காகப் பூட்டிக் கிடக்கும் கோயில் உங்களுக்குத் தெரிந்த ஊரில் இருந்தால், அந்த ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டால் பக்கத்து ஊரிலாவது சொல்லுங்கள். அங்கிருந்து எப்படியும் போய்ச் சேரும். கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது. காசிமாயன் ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறார். காக்கிக் கோட்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, வேறொரு இடிந்த கோயிலைத் தேடி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார்.